பாலாற்றங்கரையில் பிள்ளைகளுக்கு ஓர் இடம்: திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

முறைப்படி இது திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் உங்கள் கையில் கொடுக்க வேண்டிய மனு. ஆனால் யாருக்காக எழுதுகிறேனோ அவர்களால் திங்கள்கிழமை வர முடியாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒருநாள்தான் விடுப்பு, அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை லீவு போட்டால் அன்றைய கூலி போகும், மாதக் கடைசியில் வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். ஆம்பூரிலிருந்து திருப்பத்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரு பூங்கா கேட்பதற்காக இவ்வளவையும் இழக்கச் சொல்லி அவர்களை அழைத்துவர எனக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். பாலாற்றை ஒட்டி, ஆம்பூர்க்காரர்களும் வாணியம்பாடிக்காரர்களும் நடந்தோ நகரப் பேருந்திலோ போய்ச் சேரும் தூரத்தில், தண்ணீர்க்கரையில் ஒரு பூங்கா வேண்டும். பிள்ளைகள் ஆடவும் ஓடவும் இடம் வேண்டும். அந்தத் தண்ணீரில் அவர்கள் பயமில்லாமல் கால் நனைக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதன்மையானது. நாறுகிற தண்ணீருக்குக் கம்பி வேலி போட்டு, இந்தப் பக்கம் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்துத் திறப்பு விழா நடத்துவதாக இருந்தால், அந்தப் பூங்கா எங்களுக்கு வேண்டாம்.

பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு அழுத்தமாக எழுத வேண்டுமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கலாம். என் அக்கா ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. காலையில் கம்பெனி பஸ் வரும் முன்னால் சமையல் முடிய வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்தால் பாத்திரம், துணி. ஆறு நாளும் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்திருப்பவளுக்கு ஏழாவது நாளில் நிமிர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். வீடு அந்த இடமாக இருப்பதில்லை. வீட்டில் இருந்தால் வேலை அவளைத் தேடி வந்துவிடும்.

போக எங்கே இடமிருக்கிறது? ஜலகாம்பாறை அருவியில் மழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் தண்ணீர். அமிர்தி, வேலூரையும் தாண்டி ஜவ்வாது மலையடியில் இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குப் போகலாம். 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை, சுற்றிலும் அகழி, அதன் ஓரம் புல்வெளி, மரநிழல். இன்றைக்கும் ஞாயிறு மாலையில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூடும் இடம் அதுதான். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், அங்கே பிள்ளைகளை அகழியில் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. மிஞ்சுவது ஏலகிரி.

ரம்ஜான், பக்ரீத் முடிந்த மறுநாளும் காணும் பொங்கலன்றும் ஏலகிரி மலைப்பாதையைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். நாங்களும் அப்படித்தான் போனோம். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வேன் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். பேருந்தில் போனால் மகளிருக்குக் கட்டணம் இல்லாத பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. வண்டி மாறி மாறி, கைக்குழந்தையும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு போவதற்கு வேன் தேவலை. ஒரு தூக்கில் புளிசாதம், பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த பிரியாணி, அதற்குக் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். முதல் வளைவிலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

புங்கனூர் ஏரியை நீங்கள் அதிகாரியாகப் பலமுறை பார்த்திருப்பீர்கள். வேனிலிருந்து இறங்கும் ஒரு குடும்பத்தின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். இயற்கையாக அமைந்த ஏரி இல்லை அது, மனிதர் கட்டியது. கரையில் நடைபாதை, படகுத்துறை, மிதிபடகும் துடுப்புப் படகும். எதிரே இயற்கைப் பூங்கா, பிள்ளைகள் விளையாடும் இடம், நீரூற்று. இவ்வளவுதான். ஆனால் அந்தக் கரையில் என் அக்கா புடவையை முழங்காலுக்குக் கீழே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட வந்த பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். எங்கள் மாமியார் மிதிபடகில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, ஏறிய பிறகு இறங்க மாட்டேன் என்றார்.

படகுத்துறையில் அக்காவின் சின்ன மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “சித்தி, இந்தத் தண்ணில கால வைக்கலாமா? ஒண்ணும் ஆவாதா?” என்று கேட்டாள். அவள் பாலாற்றுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வளர்கிறவள். ஆற்றுப் பக்கம் போகாதே, அந்தத் தண்ணியைத் தொடாதே, தொட்டால் அரிக்கும் என்று நாங்கள்தான் அவளுக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். தண்ணீர் என்றாலே அனுமதி கேட்டுத் தொட வேண்டிய பொருள் என்று அவள் மனதில் பதிந்திருக்கிறது.

அவளுடைய தாத்தா காலத்தில் இதே ஆற்று மணலில் கையால் பறித்தால் ஊற்று வரும். மேலே வறண்டு கிடந்தாலும் அடியில் பாலாறு ஓடிக்கொண்டே இருக்கும். ஆற்றுப்படுகையிலிருந்து ஊற்றுக்கால் வெட்டித்தான் வட ஆற்காட்டில் ஊர் ஊராக நெல் விளைந்தது. துணி துவைக்கப் போன பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போய், ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, மணலில் விளையாடவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். கட்டணமும் காவலாளியும் இல்லாத தண்ணீர்க்கரைப் பூங்கா எங்கள் ஊருக்கு அப்போதே இருந்தது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்கிறேன்.

எப்படிப் போனது என்பது உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புகளில், தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு கழுவும்போது தண்ணீரோடு போகிறது. பதனிடுவதற்குக் குரோமிய உப்பு. இந்த மாசை எதிர்த்து 1991இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்ன தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. அதோடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்செய் என்று மாநில அரசுக்கு உத்தரவு. வழக்குப் போட்ட ஆண்டு பிறந்த பெண் குழந்தை இன்று ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தாயாகிவிட்டாள்.

தோல் ஷாப்பை மூடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் அடுப்பு எரிவது அந்தத் தொழிலால். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறியிருக்கிறார்கள், முன்னைக்கு இப்போது மேல் என்று பெரியவர்களும் சொல்கிறார்கள். முறையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தால் மாராப்பட்டுப் பக்கம் வெள்ளை நுரை மலைபோல எழும்புகிற படம் பத்திரிகையில் வருகிறது. மழையோடு மழையாகக் கழிவுநீரைத் திறந்துவிடுகிறவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட வேலை. நகரச் சாக்கடையும் குப்பையும் கோழிக் கழிவும் அதே ஆற்றில்தான் சேர்கின்றன. அதில் ஊரார் நாங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. தோல் தொழிலை மட்டும் கைகாட்டிவிட்டு நகராட்சிகள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். நூறாண்டுக்கு மேல் காணாத வெள்ளம் என்றார்கள். வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போனது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்த துயரமும் அந்த மழையில்தான். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் வெள்ளம் கொஞ்சம் வடிந்ததும் பாலங்களின் மேல் என்ன நடந்தது? குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். கைக்குழந்தையைத் தோளில் தூக்கி, பாரு பாரு, இதுதான் பாலாறு என்று காட்டினார்கள். போலீஸ் விரட்ட விரட்ட வந்தார்கள். இந்த மக்களுக்குத் தண்ணீரைப் பார்க்க எவ்வளவு ஆசை என்பதற்கு வேறு கணக்கெடுப்பு வேண்டாம். போய் நிற்பதற்கு லாரி ஓடும் பாலத்தைத் தவிர இடமில்லை.

அதே வெள்ளம் இன்னொன்றையும் காட்டியது. ஆற்றுக்கு அதன் அகலம் முழுவதும் தேவை. எனவே பூங்கா என்று சொல்லி ஆற்றுப் படுகைக்குள் சுவர் எழுப்பி, மண் கொட்டி, கான்கிரீட் போட்டு ஆற்றைக் குறுக்கிவிடாதீர்கள். கரைக்கு மேலே நிலம் எடுங்கள். படுகை மணலாகவே இருக்கட்டும், வெள்ளம் வரும்போது அதுவே எடுத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு நிலம் என்று கேட்டால், நகர்ப்புறத் திட்டமிடலுக்கு மத்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் மக்கள் தொகை 1,14,608. பத்து சதுர மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 280 ஏக்கருக்கு மேல் வருகிறது. அவ்வளவு கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மனைப்பிரிவு அனுமதிக்கும்போது பூங்காவுக்கென்று பத்தில் ஒரு பங்கு எழுதிக் கொடுத்த இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை இன்னும் இடமாகவே இருக்கின்றன என்ற பட்டியலையாவது வெளியிடச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

தொழிலும் ஆறும் சேர்ந்து வாழ முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றைக் காட்ட விரும்புகிறேன். ரூர் வட்டாரத்து நிலக்கரியும் எஃகும் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் அந்த ஆற்றைத் திறந்த சாக்கடையாக்கி, கான்கிரீட் வாய்க்காலுக்குள் அடைத்து வைத்திருந்தன. கரையில் வேலி, ஆபத்து என்று பலகை. பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் மாற்றும் வேலையை எடுத்தார்கள். கழிவுநீருக்குத் தனியாக 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் குழாய் பதித்தார்கள். ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல் செலவு, ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பு. 2021 இறுதியில் ஆற்றில் சாக்கடை விழுவது நின்றது. டார்ட்முண்ட் நகரில் எஃகு ஆலை இருந்த நிலத்தைத் தோண்டி 2010இல் தண்ணீர் நிரப்பி ஓர் ஏரியே உருவாக்கினார்கள். இன்று அதன் கரையில் நடக்கிறார்கள், பாய்மரப் படகு விடுகிறார்கள். அவர்களிடம் பணம் இருந்தது என்பீர்கள். இருந்தது. அதோடு, பூங்காவுக்கு முன்னால் குழாய் என்ற வரிசையும் இருந்தது. சாக்கடையைப் பிரித்தெடுத்த பிறகே ஆற்றைத் திறந்தார்கள். அந்த வரிசையைப் பின்பற்ற ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது.

முப்பது ஆண்டு எங்கள் பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால் இரண்டு வேலையும் ஒருசேர நடக்கட்டும். கழிவு கலக்காத மேட்டு ஏரி ஒன்றை ஊருக்குப் பக்கத்தில் தேர்ந்தெடுத்து முதலில் அதைத் திறந்துவிடுங்கள். வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, ஓர் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதபடி சரிவு கட்டினால் போதும். மணல் எடுத்த குழி தெரியாமல் இறங்கிப் பிள்ளைகள் மூழ்கிப் போன வீடுகள் இந்த ஆற்றங்கரை ஊர்களில் இருக்கின்றன. ஆழம் எங்கே தொடங்குகிறது என்று தாய்மாருக்குக் கண்ணால் தெரிய வேண்டும்.

எந்த இடம் எடுத்தாலும் மண்ணையும் சோதியுங்கள். பக்கத்து ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதையை நீங்கள் அறிவீர்கள். இந்த வட்டாரத்தில் பழைய தோல் ஷாப் இருந்த இடம், கழிவு கொட்டிய இடம் எது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. மேலே புல் முளைத்துவிடும். பிள்ளைகள் மண்ணில் புரளும், விரலை வாயில் வைக்கும். சோதனைச் சீட்டு இல்லாமல் எந்த இடத்திலும் ஊஞ்சல் நடாதீர்கள்.

தண்ணீருக்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. திறந்தவெளியில் குளிக்கத் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்தது: உயிரிவழி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள், கரைந்த ஆக்சிஜன் 5க்குக் குறையாமல், மலக்கிருமி அளவு குறிப்பிட்ட வரம்புக்குள். எங்கள் ஊருக்கு இது மட்டும் போதாது. குரோமியத்தையும் கரைந்த உப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் தண்ணீரைக் கெடுத்தது அவைதாம். மாதந்தோறும் எடுத்த அளவைக் கரையில் பலகையில் எழுதி வையுங்கள். தமிழிலும் உருதுவிலும் எழுதுங்கள். பக்கத்தில் சிவப்போ பச்சையோ ஒரு வண்ணம் இருந்தால் எழுத்துத் தெரியாத என் மாமியாரும் பேத்தியை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

பூங்காவுக்குள் என்ன வேண்டும் என்பதைப் பெண்களிடம் கேட்டுத் திட்டம் போடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கேளுங்கள். நான் கேட்டவரை எல்லோரும் முதலில் சொன்னது கழிவறை. பூட்டாத, தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற கழிவறை. புங்கன், நாவல், மருதம் என்று நிழல் தரும் நாட்டு மரங்கள். பால் கொடுக்க மறைவான இடம். கைத்தடியோடு வருபவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தண்ணீர் வரை போக ஒரு சாய்தளம். இருட்டிய பிறகும் ஒன்றரை மணி நேரம் விளக்கு, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் துவைத்து முடித்துத்தான் அவர்கள் கிளம்ப முடியும். கட்டணம் வேண்டாம். தலைக்கு இருபது ரூபாய் என்றாலும் ஆறு பேர் உள்ள வீட்டில் வாயிலிலேயே கணக்குப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டுவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம். மாசுக்கான இழப்பீடாக வசூலாகும் தொகையில் கைவைத்துப் பூங்கா கட்ட வேண்டாம். அது கிணறு உப்பான, நிலம் இழந்த விவசாயிகளின் பணம், அவர்களுக்கு முழுதும் போய்ச் சேர வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு நகராட்சித் திட்ட நிதி இருக்கிறது. பூங்காவுக்கு, 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய இரண்டு விழுக்காட்டைக் கேளுங்கள். இந்த ஊரில் தைத்த ஷூ உலகமெங்கும் நடக்கிறது. தைத்தவர்களின் பிள்ளைகள் நடக்க ஒரு கரை கேட்டால் தர மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை. நிறுவனத்தின் பெயர்ப்பலகை மட்டும் மரத்தைவிட உயரமாக இருக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும் என்று அறிவேன். உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறையும் முதல் பெருமழை பெய்த மறுநாள் ஒருமுறையும் வாணியம்பாடியிலும் மாராப்பட்டிலும் ஆம்பூரிலும் ஆற்றுநீர் மாதிரி எடுக்க உத்தரவிடுங்கள். முதல் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள், இரண்டாவதை வானம் சொல்லிவிடும். பள்ளி மாணவர்களும் விவசாயிகளும் விருப்பப்பட்ட தோல் ஷாப் முதலாளிகளும் கூட இருந்து பார்க்கட்டும், புட்டிக்கு எல்லோர் முன்னிலையிலும் முத்திரை வைக்கட்டும். முடிவு வந்த வாரமே இரண்டு நகராட்சிகளின் வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஆம்பூரில் மாதிரி எடுக்கும் அன்று எங்கள் தெருவிலிருந்து நாங்கள் வருகிறோம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஆம்பூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை